சிவப்பில் கிடக்கும் வானம்

மழை விட்ட வெயில், கார் உதிரிபாகக் கடை வாசலில் நிற்கும் பழைய ஸ்போர்ட்ஸ் காரின் சிவப்பில் வழிகிறது. பள்ளி வேன் ஓட்டும் அக்கா ஆசைப்பட்டு வாங்கிய கார். பெயின்ட்டில் கீறல் விழக் கூடாதென்று வளையல்களைக் கழற்றித் தங்கையிடம் கொடுத்துவிட்டுத்தான் சக்கரத்தருகே குனிகிறாள். "இருக்கறதுலயே மலிவா ஒரு மட்ஃப்ளாப் காட்டுங்கண்ணே." சக்கரத்தின் பின்னால் சேறு தடுக்க மாட்டும் கறுப்பு ரப்பரைக் கடைக்காரர் நீட்ட, அதை வளைத்து விடுகிறாள், அது துள்ளி நிமிர்கிறது. "இதையே மாட்டுங்க." பக்கிள் உரசிவிடுமென்று அவரும் பெல்ட்டை அவிழ்த்து வைத்துவிட்டு உட்காருகிறார். மாட்டி முடிந்ததும் அக்கா வண்டியை எடுத்து வாசல் குட்டைக்குள் விடுகிறாள். சக்கரம் வாரியடிக்கும் சேறு ரப்பரில் மோதிச் சரிகிறது. கதவில் ஒரு பொட்டுகூட இல்லை. வானம் மட்டும் அதில் அப்படியே கிடக்கிறது. நழுவும் பேன்ட்டை ஒரு கையால் பிடித்தபடி கடைக்காரர் கிசுகிசுக்கிறார்: "இன்னொரு தடவ விடும்மா, பாப்போம்."