ஏணி எங்கே?

முதலில் தப்பு செய்தது வெல்டரின் மச்சான்தான். பதினோரு வருஷத்துக்கு முன்னால் "ரெண்டே நாள், மாப்ளே" என்று வாங்கிப்போன இரும்பு ஏணி, இன்னும் வீடு திரும்பவில்லை. வெல்டர் தன் கையால் செய்த ஏணி. அன்றிலிருந்து மச்சான் கிழக்கு என்றால் வெல்டர் மேற்கு.

சுரங்கக் கம்பெனி பள்ளிக்கூட ஹாலில் கூட்டம் போட்டது. ஊருக்கு என்ன வேண்டும் என்று மக்களிடமே கேட்டுச் செய்வார்களாம்.

"ரோட்டுக்குத் தண்ணி தெளிக்கச் சொல்லுங்க" என்று இருமிக்கொண்டே சொல்லி அனுப்பினாள் மனைவி. கம்பெனி லாரிகள் கிளப்பும் புழுதி அவள் நெஞ்சிலேயே குடியேறிவிட்டது. "எங்க அண்ணன்கிட்ட மட்டும் வம்பு வேணாம்."

ஹாலுக்குள் நுழைந்ததுமே வெல்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கம்பெனி பேனருக்குப் பக்கத்தில், ஜம்பமாகச் சாய்ந்து நின்றது அவருடைய ஏணி!

"சொல்லுங்க, என்ன வேணும்?" என்றார் அதிகாரியம்மா.

ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் மச்சான் எழுந்தார். "ஒரு நீரூற்று. கலர் லைட்டோட."

கம்பெனிக்காரர்கள் கைதட்டினார்கள்.

வெல்டர் துள்ளி எழுந்தார். "மச்சான், மூளை இருக்கா? ஊரே புழுதி தின்னுது, உங்களுக்குக் கலர் தண்ணி கேக்குதா? அந்தத் தண்ணியை ரோட்டுல ஊத்தச் சொல்லுங்க! லாரிக்குத் தார்ப்பாய் போடச் சொல்லுங்க!"

"அழகு வேணாமா மாப்ளே?"

"அழகைப் பார்க்கக் கண்ணைத் திறக்கணும். திறந்தா மண்ணு!"

ஹாலே சிரித்தது. பின்வரிசையில் "ஆமா, ஆமா" என்று குரல்கள்.

அதிகாரியம்மா முகம் சுருங்கியது. "எதிர்ப்புன்னா எழுதித்தான் குடுக்கணும், ஐயா."

வெல்டர் படிப்பு நாலாம் வகுப்போடு சரி.

மச்சான் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை உருவினார். "தைரியம் இருந்தா இதுல கையெழுத்துப் போடுங்க, பார்ப்போம்!"

"கொண்டாங்க!"

படித்தெல்லாம் பார்க்கவில்லை. போட்டு, அதிகாரியம்மா கையில் கொடுத்தார்.

பத்தாம் நாள் தண்ணீர் லாரி தெருவை நனைத்துக்கொண்டு வந்தது.

"உங்க அண்ணன் மூக்கை உடைச்சேன், பார்த்தியா?" என்றார் வெல்டர்.

அண்ணன் கொடுத்தனுப்பிய அந்தத் தாளின் நகலை மனைவி நீட்டினாள். வெல்டர் எழுத்துக்கூட்டிப் படித்தார். புழுதி, தண்ணீர், தார்ப்பாய், எல்லாமே மச்சான் எழுத்தில் இருந்தது. தேதி, கூட்டத்துக்கு முந்தின நாள்.

"வேணும்னு கேட்டா கம்பெனி அலமாரிக்குப் போயிடுமாம். எதிர்ப்புன்னா பத்து நாளுக்குள்ள பதில் சொல்லியாகணுமாம். அந்த ஃபாரமெல்லாம் அண்ணன் கடையிலதானே நகல் எடுக்கறாங்க? எதிர்க்கிறதுக்கு, முதல்ல ஒருத்தர் உருப்படாத ஒண்ணைக் கேக்கணுமில்ல?"

வெல்டர் தொண்டையைச் செருமினார். "அதெல்லாம் சரி. ஏணி எங்கே?"

"அதைப் பார்த்தாத்தான் உங்களுக்குப் பேச்சு வருமாம். அடுத்த மாசம் சுரங்கத்து வெடிச்சத்தம் பத்தி ஒரு கூட்டம் இருக்காம். அதுவரைக்கும் அண்ணன்கிட்டயே இருக்கட்டுமாம்."