வெள்ளித் தாயத்து

பெரம்பலூர் ஆஸ்பத்திரியின் பின்பக்க அறையில் காலை வெயில் கண்ணாடிக் குப்பிகளுக்குள் புகுந்து தேனாய் மிதக்கிறது. ரத்தக் குப்பிகளைச் சுழற்றும் இயந்திரம் வண்டு போல முரலுகிறது. தாய் கிடந்த பட்டினி, வயிற்றிலிருக்கும் பிள்ளையின் மரபணுவில் என்ன தடம் விட்டுப்போகிறது என்பதுதான் மணிமொழியின் இத்தனை வருட ஆராய்ச்சி. எதிரே, இரண்டு முறை கரு கலைந்த வளர்மதி. கழுத்துக் கயிற்றிலிருந்து தாயத்தை அவிழ்த்து, மூடியைத் திருகித் திறந்து மேசைமேல் வைக்கிறாள். உள்ளே, அவள் பிறந்த சில நாளில் விழுந்த தொப்புள்கொடி, காய்ந்த மிளகாய்க் காம்பு போலச் சுருண்டிருக்கிறது.

"நா வயித்துல இருக்கறப்ப எங்கம்மா வெறும் கஞ்சித்தண்ணிதான் குடிச்சுச்சாம். இதுல தெரியுமாங்க மேடம்?"

"தெரியலாம். ஆனா அரைச்சுதான் பாக்கணும். திரும்பக் கிடைக்காதும்மா."

வெளியே அரியலூர் பஸ் ஒன்று ஹாரன் அடித்து ஓய்கிறது. வளர்மதி ஒற்றை விரலால் தாயத்தை மெல்லத் தள்ளுகிறாள். "எடுத்துக்குங்க. கரு தங்காததுக்கு வூட்டுல எல்லாரும் என்னையத்தான் சொல்றாங்க. எம்மேல குத்தமில்லன்னு தெரிஞ்சா போதும்."

மணிமொழியின் வலது கை இடுக்கியை எடுக்கிறது. இடது கையோ, எறையூரில் கரும்பு வெட்டிய அம்மா கட்டிவிட்ட, மணிமொழி இன்றுவரை திறந்தே பார்க்காத தாயத்தைக் கழுத்தோடு சேர்த்துப் பொத்திக்கொள்கிறது.