சாம்பிள்

"ரெண்டுல எதுன்னு இன்னைக்கு முடிவு பண்ணியே ஆகணும்" என்று ஒபியோரா இரண்டு இரும்புக் கட்டிகளை மேசைமேல் வைத்தார். ஊரில் 'சீஃப்' பட்டம் வாங்கியவர்கள் மட்டும் போடும் சிவப்புத் தொப்பி அவர் தலையில் இருந்தது.

நெவி ஊரில் உள்ள அவருடைய பட்டறைக்கு, இரும்பில் அச்சுக் குழி குடையும் புது ஸ்பார்க் மெஷின் வேண்டும். மெஷின் விற்கும் இரண்டு ஏஜெண்டுகளுக்கும் ஒரே வரைபடத்தைக் கொடுத்து, அவரவர் மெஷினில் குடைந்த சாம்பிளைக் கேட்டிருந்தார்.

"தொட்டுப் பாருங்க சீஃப், பட்டு மாதிரி இருக்கும். ஜப்பான் மெஷின்னா சும்மாவா?" என்றார் எதிர் நாற்காலியில் இருந்த கோட்டுப் போட்ட ஏஜெண்ட்.

"எங்களோடதுல மூலையைப் பாருங்க சீஃப். ஸ்விட்சர்லாந்து மெஷின் தவிர வேற எதுலயும் இந்தக் கூர்மை வராது" என்றார் பக்கத்து நாற்காலியில் இருந்த கண்ணாடி போட்ட ஏஜெண்ட்.

ஒபியோரா லென்ஸ் வைத்துப் பார்த்து அசந்துபோனார். "நம்ம பழைய டப்பா மெஷின் தலைகீழா நின்னாலும் இப்படிக் குடையாது!"

மெஷின் ஓட்டும் இஃபெயின்வாவைக் கூப்பிட்டார். "நீயே சொல்லும்மா, எது ஒசத்தி?"

கட்டிகளைக் கண்டதும் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"என்ன இளிப்பு?"

"முதலாளி, போன வாரம் நீங்க ஊருல இல்லாதப்போ, ஒனிட்சா ஊர்த் தரகர் யாரோ ரெண்டு கம்பெனிக்கு அவசர வேலைன்னு ரெண்டு கட்டி கொண்டாந்தாரு. அதுதான் இது. ரெண்டையும் நான்தான் குடைஞ்சேன், நம்ம டப்பாவுல!"

ஒபியோரா திரும்பினார். இரண்டு நாற்காலிகளும் காலி.

அவர் நேரே பழைய மெஷினிடம் போய்த் தன் சிவப்புத் தொப்பியைக் கழற்றி அதன் தலையில் மாட்டினார்.

"இனிமே இவர்தான் சீஃப்!"