காது மூடிய தொப்பி

“வீட்டுல எழவே விழுந்தாலும் நாளைக்கு மேட்சுக்கு வந்துரணும்லே!” என்று சங்கரன்கோவில் பள்ளிக்கூடத்து சாப்ட்பால் பையன்களை டிரில் மாஸ்டர் ஏசுவடியான் மிரட்டியிருந்தார்.

அப்படியும் இசக்கிப்பாண்டி பிந்தித்தான் வந்தான். ஏனென்று மாஸ்டர் கேட்டார். தொப்பியைக் காது மூட இழுத்துவிட்டுக்கொண்டு மட்டையை எடுத்தான்.

சிவகிரிக்காரன் போட்ட பந்தை வேலிக்கு அப்பால் அடித்தது அவன்தான். பையன்கள் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். அவன் சிரிக்கக்கூட இல்லை.

மாஸ்டருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“ஜெயிச்ச திமிராலே? கப்பு வாங்கப் போறப்பவாவது தொப்பியக் கழத்து!”

அவன் அசையாமல் நிற்கவே, அவரே பிடுங்கினார்.

அன்று காலையில் மழித்த தலை.

“பிந்துனதுக்கு மன்னிச்சிருங்க சார்” என்றான் இசக்கிப்பாண்டி. “ஐயாவுக்குக் கொள்ளி வச்சிட்டு வர நேரமாயிட்டு.”