வளைவுக்கு முந்தைய கேமரா

கடற்கரை நெடுஞ்சாலையின் கேமராக்களைக் கவனிப்பதுதான் அவள் வேலை. நெரிசலோ மழையோ வந்தால், சாலைக்கு மேலே இருக்கும் டிஜிட்டல் பலகையில் ஓட்டுநர்களுக்கு இரண்டு வரி தட்டிவிடுவாள்.

அந்தச் சாலையின் வளைவில்தான் அவள் கணவர் செத்துப்போனார். அவள் வேலைக்குத் திரும்பிய நாளிலிருந்து, தினமும் காலையில் அவருடைய நீல ஸ்கூட்டர் வளைவுக்கு முந்தைய கேமராவில் போகும். அடுத்த கேமராவில் வராது.

பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்த்தார். "ரோடு காலியாத்தாம்மா இருக்கு. லீவு போட்டுட்டுத் தூங்குங்க."

இன்று அவளுக்குப் பொறுக்கவில்லை. 'வளைவுக்குப் போகாதீங்க. வீட்டுக்கு வாங்க' என்று பலகையில் தட்டினாள். உயிரோடு இருந்தவரை அவள் பேச்சைக் காதிலேயே போட்டுக்கொள்ளாத மனிதர், அண்ணாந்து படித்துவிட்டு வண்டியைத் திருப்பினார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

கொஞ்ச நேரத்தில் மகள் போன் செய்தாள்.

"அம்மா, அப்பா வந்திருக்காரும்மா! என்னை காலேஜ்ல விட்டுட்டு ஆபீஸ் போறாராம்."

"ஏறாதேடி!" என்று கத்துவதற்குள் இணைப்பு போய்விட்டது.

ஸ்கூட்டர் மறுபடி திரையில் வந்தது. பின்னால் மகளின் மஞ்சள் பை தெரிந்தது. 'நில்லுங்க' என்று பலகையில் தட்டினாள். மகள் ஏதோ சொல்ல, அவர் தலையைத் திருப்பிச் சிரித்துக்கொண்டே பலகையைக் கடந்து போனார்.

அடுத்த கேமராவில் ஒரு லாரி வந்தது. பிறகு ஒரு பஸ் வந்தது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.