சேற்றில் சுழன்ற சக்கரம்

ஆறு சிலிண்டர் காரின் இடது பின்சக்கரம் சேற்றில் சிக்கிச் சுற்றோ சுற்றென்று சுற்றியது. வலது சக்கரம் கெட்டித் தரையில் அசையாமல் நின்றது.

"நான் நாயா உழைக்கிறேன், நீ வேடிக்கை பாக்குறியா?" என்றது இடது.

மழைக்கு மழை இதே ஏச்சு. வலது என்ன செய்யும்? இரண்டு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்க நடுவிலிருந்த பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியல், எளிதாகச் சுற்றும் பக்கத்துக்கே இன்ஜினின் விசையெல்லாம் விட்டுக்கொடுத்தது.

"இந்த இன்ஜினுக்கு இது ஒத்துவராது, ரெண்டு பக்கமும் விசை கொடுக்குறதா போடுவோம்" என்று மெக்கானிக் மாசிலாமணி அந்த டிஃபரன்ஷியலை மாற்றினார்.

அடுத்த மழையில் அதே சேறு. வலது சக்கரம் தரையைக் கவ்விப் பிடித்து, ஒரே மூச்சில் காரை வெளியே தள்ளியது.

இடது, சேற்றை உதறிக்கொண்டே சொன்னது: "பரவாயில்லையே! என்னைப் பாத்து நீயும் வேலை கத்துக்கிட்டியே!"