கறுப்புக் கட்டம்

"பத்தொம்பது படம் சார். பத்தொம்பதுலயும் இந்தக் கறுப்புக் கட்டம் இருக்கு" என்றார் நகராட்சிப் பொறியாளர் செம்பியன்.

குடியிருப்போர் சங்கத் தலைவர் கோவிந்தசாமி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

சிதம்பரத்தில் புவனகிரி சாலையை ஒட்டிய அந்தக் குடியிருப்பில் ஒரு காலிமனை விளையாட்டுத் திடலாகப் போகிறது. எப்படி அமைப்பது என்று பிள்ளைகளையே கேட்கச் சொல்லி உத்தரவு. தெருவை வரையுங்கள், பிடித்த இடத்துக்குப் பச்சை, பயமான இடத்துக்குக் கறுப்பு என்று கிரேயான் கொடுத்து உட்கார வைத்திருந்தார்கள். ஒரு படத்தின் வடக்கு இன்னொரு படத்தின் வடக்கோடு ஒத்துப்போகவில்லை. கறுப்புக் கட்டம் மட்டும் எல்லாவற்றிலும் மனைக்குப் பக்கத்திலேயே இருந்தது.

"என்னா ஆபத்துன்னு தெரியாம நான் ஃபைலை அனுப்ப முடியாது சார். நாளைக்குப் போவலன்னா மனையைத் தண்ணித் தொட்டிக்கு எடுத்துக்குவாங்க."

பிள்ளைகளின் முகம் தொங்கிப்போனது. கோவிந்தசாமிக்கும் பதறியது. இந்தத் திடலுக்காக நான்கு வருடமாக மனு எழுதியவர் அவர்.

"என்னா புள்ள அது, பாழுங்கெணறா?"

ஆறாம் வகுப்புக் கயல்விழி தரையைப் பார்த்தாள். "இல்ல சார்."

"ஆழமா இருக்குமா?" என்றார் செம்பியன்.

"தெரியாது சார். யாரும் உள்ள போனதில்ல."

"ஏதாச்சும் விழுந்திருக்கா?"

"நெறைய. விழுந்தா திரும்பி வராது."

"சத்தம் வருமா?"

"வரும் சார். மத்தியானத்துல ஜாஸ்தி. ரெண்டு மணியிலேருந்து நாலு மணி வரைக்கும் கிட்டயே போவ முடியாது."

"டிரான்ஸ்பார்மரா இருக்கும். லோடு ஏறுனா கத்தும்" என்றார் செம்பியன்.

"பதினஞ்சு வருசமா இதே தெருவுல இருக்கேன். என் கண்ணுல படலியே!" கோவிந்தசாமிக்குக் கோபம் வந்துவிட்டது. "யாருக்கும் பயப்படாதீங்க. நான் இருக்கேன்ல?"

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவர் சங்கத் தீர்மானம் எழுதக் காகிதத்தை இழுத்தார். பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் இருந்த கை. அது எழுதியதில் யாரும் ஓட்டை கண்டுபிடித்ததில்லை.

'மேற்படி அபாயத்தை மூன்று நாள்களுக்குள் அகற்றி, உள்ளே சிக்கிய பொருள்கள் அனைத்தையும் உரியவர்களிடம் ஒப்படைக்க வேண்டியது. முழுப் பொறுப்பும் இடத்தின் உரிமையாளரையே சேரும்.'

கையெழுத்துப் போட்டு, சங்கத்தின் முத்திரையையும் குத்தினார்.

"இப்ப வந்து காட்டு புள்ள."

கயல்விழி முன்னால் நடந்தாள். மற்ற பதினெட்டுப் பேரும் சத்தமில்லாமல் பின்னால் வந்தார்கள். அடிபம்பு போனது. இஸ்திரி வண்டி போனது. அதைத் தாண்டியதும் கோவிந்தசாமியின் நடை தளர்ந்தது.

காலிமனைக்குப் பக்கத்தில், பூட்டியிருந்த ஒரு பச்சை இரும்புக் கேட்டின் முன் கயல்விழி நின்றாள்.

"இதான் சார். உள்ள எங்களோட பந்து பதினொண்ணு இருக்கு. ஒரு ஷட்டில் பேட்டும் இருக்கு."

செம்பியன் தீர்மானத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டை அசைத்துப் பார்த்தார். "சாவி யாருகிட்ட இருக்கு?"

கோவிந்தசாமி மெதுவாகத் தன் சட்டைப் பைக்குள் கையை விட்டார்.